வங்குரோத்து என்பது வசைச்சொல்லா?

2022 ஏப்ரல் 12 ஆம் நாள் இலங்கை அரசு தனது வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அறிவித்தது. அன்றிலிருந்து புலம்பெயர் தமிழர்களின் வானொலிகளிலும் வரவேற்பறைகளிலும் 'வங்குரோத்து' என்னும் சொல் ஒலிக்காத நாள் இல்லை என்றாயிற்று. வங்குரோத்து அரசு, வங்குரோத்து நாடு, வங்குரோத்து அரசியல். அச்சொல்லை உச்சரித்தவர்களின் குரலில் ஒருவகை நிறைவும் இருந்தது. அதன் காரணம் விளங்காததன்று. ஆயினும் அதன் பின்னர் நடந்தவற்றை அதே ஆர்வத்துடன் கவனித்தவர்கள் குறைவு. கடனைக் கட்ட இயலாது என்று கைவிரித்த அரசு, 2023 மார்ச்சில் பன்னாட்டு நாணய நிதியத்திடமிருந்து ஏறத்தாழ 3 பில்லியன் டொலர் உதவித் திட்டத்தைப் பெற்றது. 2024 யூனில் கடன்கொடுத்த நாடுகளுடன் உடன்பாடு கண்டது. அதே ஆண்டு டிசெம்பரில் பன்னாட்டுப் பிணைமுறிகளைப் புதிய முறிகளாக மாற்றிக்கொண்டது. தவணைகள் தள்ளிவைக்கப்பட்டன. முறிகளின் முதலில் ஒரு பகுதி வெட்டப்பட்டது. கடன்கொடுத்தவர்கள் முகம் சுளித்துக்கொண்டேனும் மேசைக்கு வந்தார்கள், கணக்குப் பார்த்தார்கள், கையொப்பமிட்டார்கள்.

நாடொன்று இதைச் செய்தால் அதற்குக் கடன் மறுசீரமைப்பு என்று பெயர். ஸ்காபுறோவிலோ மார்க்கத்திலோ வாழும் ஒரு தமிழ்க் குடும்பம் இதையே செய்தால் அதற்கு மானக்கேடு என்று பெயர். இந்த இரட்டை அளவுகோல் எத்தனை குடும்பங்களைச் சத்தமின்றி அழித்துக்கொண்டிருக்கிறது என்பதைப் புலம்பெயர் தமிழ்ச் சமூகம் இன்னமும் எண்ணிப் பார்க்கவில்லை.

கனடாவில் பல வீடுகளில் நிகழ்வது ஏறத்தாழ ஒரே கதைதான். தகப்பனார் பகலில் தொழிற்சாலையிலும் மாலையில் வேறோர் இடத்திலும் வேலை செய்பவர். வட்டி மலிந்திருந்த காலத்தில் வீடொன்றை வாங்கினார். கனடிய மத்திய வங்கியின் வட்டிவீதம் 2022 மார்ச்சின் தொடக்கத்தில் 0.25 ஆக இருந்தது. 2023 யூலையில் அது 5 வீதத்தைத் தொட்டது. மாறும் வட்டியில் ஈட்டுக்கடன் எடுத்திருந்தவர்களின் வீடுகளில் அந்தப் பதினாறு மாதங்களில் என்ன நடந்திருக்கும் என்பதற்கு விளக்கம் தேவையில்லை. ஈட்டுக்கடனைக் கட்டக் கடனட்டை, ஒரு கடனட்டையைக் கட்ட இன்னொரு கடனட்டை, அதற்கும் வழியற்றபோது தெரிந்தவர் ஒருவரிடம் நூற்றுக்கு மூன்று வட்டி, அந்த வட்டியைக் கட்டச் சீட்டு. ஊர்ப் பேச்சில் இதற்குக் 'காசு பிரட்டுதல்' என்று பெயர். பிரட்டத் தெரிந்தவர் கெட்டிக்காரர். உண்மையில் அவர் பிரட்டுவது காசையன்று, நாட்களை.

கணக்கைப் பார்க்கலாம். 19.99 வீத வட்டியுள்ள கடனட்டைகளில் 30,000 டொலர் நிலுவை இருக்குமாயின் ஆண்டு வட்டி மட்டும் ஏறத்தாழ 6,000 டொலர். மாதம் 500 டொலர் கட்டினாலும் முதல் அசையாது. பத்தாண்டுகள் கட்டினால் 60,000 டொலர் போயிருக்கும், 30,000 டொலர் கடன் அப்படியே நிற்கும். நூற்றுக்கு மூன்று என்பதோ ஆண்டுக்கு 36 வீதம். 2025 சனவரி முதலாம் நாளிலிருந்து கனடாவின் குற்றவியல் சட்டம் ஆண்டுக்கு 35 வீதத்துக்கு மேற்பட்ட வட்டியைப் பொதுவாகக் குற்றமாகக் கொள்கிறது. கோயில் உபயகாரராகவும் விழாக்களில் முன்வரிசைப் பிரமுகராகவும் விளங்கும் சில வட்டிக்காரர்கள் இதனை அறிந்திருப்பது நல்லது.

இவ்வளவு நடந்துகொண்டிருக்கும்போதே அந்த வீட்டில் மகளின் பூப்புனித நீராட்டு விழா நானூறு பேருடன் மண்டபத்தில் நடைபெறும். நடத்தாவிட்டால் 'அவைக்கு ஏதோ கஷ்டமாம்' என்ற கதை கிளம்பிவிடும் அல்லவா? விழாச் செலவும் கடனட்டையில் ஏறும்.

இவை எல்லாவற்றையும்விடக் கொடியது அடுத்து நிகழ்வது. தகப்பனாரின் கடன்தகைமை கெட்டபின், பதினெட்டு வயதைத் தாண்டிய பிள்ளையின் பெயர் நினைவுக்கு வருகிறது. பல்கலைக்கழகத்தின் முதலாண்டில் படிக்கும் மகன் பிணைக்கையொப்பம் இடுகிறான். மகளின் பெயரில் கடன் எடுக்கப்படுகிறது. பிள்ளை கேள்வி கேட்பதில்லை. கேட்டால் 'உங்களுக்காகத்தானே இவ்வளவும்' என்ற விடை ஆயத்தமாக இருக்கிறது.

இந்த மனப்போக்குக்கு நீண்ட வரலாறு உண்டு. 1707 இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையில், பெற்றோர் எந்தச் சொத்தையும் விட்டுச் செல்லாதபோதும் அவர்களது கடனுக்கு ஆண்மக்களே பொறுப்பு என்ற யாழ்ப்பாண வழக்கம் பதியப்பட்டிருக்கிறது. வங்கியும் நீதிமன்றமும் எட்டாத ஊர்ப்பொருளாதாரத்தில், முகம் தெரிந்தவருக்கும் முகம் தெரிந்தவருக்கும் இடையே கொடுக்கல் வாங்கல் நடந்த காலத்தில், அவ்வழக்கத்துக்கு ஒரு நியாயம் இருந்திருக்கலாம். இன்று கனடாவில் தந்தையின் கடனட்டைக் கடனுக்கு மகன் பொறுப்பல்லன். மனைவியும், தான் கையொப்பமிடாத கடனுக்குப் பொறுப்பல்லள். சட்டம் விடுவித்திருக்கும் பிள்ளையைப் பெற்றோரே கையொப்பம் வாங்கி மீண்டும் கட்டுகிறார்கள். பிணைக்கையொப்பத்தின் கொடுமை இன்னொன்றும் உண்டு. பின்னொரு நாளில் தகப்பனார் வங்குரோத்து விண்ணப்பித்து விடுபட்டாலும் பிணை நின்றவர் விடுபடமாட்டார் என்று சட்டம் தெளிவாகக் கூறுகிறது. கடன் முழுவதும் பிள்ளையின் தலையில் விழும். மானத்தைக் காக்க வாங்கிய கையொப்பம் இருபது வயதில் ஒரு பிள்ளையின் கடன்தகைமையைக் கொன்றுவிடுகிறது.

சார்ள்ஸ் டிக்கன்ஸ் என்னும் ஆங்கில எழுத்தாளரைப் பள்ளிக்கூடத்தில் படிக்காத புலம்பெயர் தமிழ்ப் பிள்ளைகள் அரிது. 1824 இல் அவருடைய தந்தை கடன் கட்ட இயலாமல் இலண்டனின் மார்சல்சீ சிறையில் அடைக்கப்பட்டார். பன்னிரண்டு வயதுச் சிறுவனான டிக்கன்ஸ் சப்பாத்து மை தொழிற்சாலையில் குப்பிகளுக்குச் சுட்டி ஒட்டும் வேலைக்குச் சென்றார். கடனாளியை அடைத்து வைத்தால் அவன் எவ்வாறு உழைத்துக் கட்டுவான் என்ற எளிய கேள்விக்கு விடை காண இங்கிலாந்துக்கு நெடுங்காலம் பிடித்தது. உடைமைகளை ஒளிக்காமல் ஒப்படைத்த வணிகரைப் பழைய கடனிலிருந்து விடுவிக்கும் சட்டம் 1705 இல் வந்தது. ஒளித்தவருக்கு அதே சட்டம் மரண தண்டனை விதித்தது! சாதாரண மக்களைக் கடனுக்காகச் சிறையிலிடும் வழக்கம் பெருமளவுக்கு ஒழிந்தது 1869 இல்தான். நேர்மையாக நடந்தும் நொடித்துப்போன மனிதருக்குப் புதிய தொடக்கம் ஒன்று கிடைக்க வேண்டும் என்பதே வங்குரோத்துச் சட்டத்தின் நோக்கம் என்று 1934 இல் அமெரிக்க உயர்நீதிமன்றம் சொன்னது. மேற்குலகம் இதனைத் தன் கருணையால் மட்டும் செய்ததாக எண்ண வேண்டியதில்லை. நொடித்தவர் மீண்டும் உழைத்து, வரி கட்டி, பொருள் வாங்கினால்தான் சந்தை நடக்கும் என்ற கணக்கும் அதில் இருக்கிறது.

கனடாவின் வங்குரோத்து மற்றும் கடனிறுக்க இயலாமைச் சட்டத்தின் கீழ் ஒருவருக்கு இரண்டு வழிகள் உண்டு. வங்குரோத்து என்பது ஒன்று. 1992 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாக வந்த நுகர்வோர் முன்மொழிவு மற்றொன்று. இதைத் தமிழர்கள் 'புறப்போசல்' என்றே சொல்கிறார்கள். வீட்டு ஈட்டுக்கடன் நீங்கலாக 250,000 டொலருக்கு மேற்படாத கடனுடையவர், 'இவ்வளவு என்னால் இயலும்' என்று கடன்கொடுத்தவர்களுக்கு ஒரு தொகையை முன்வைக்கலாம். ஐந்தாண்டுகளுக்குள் அதைக் கட்டி முடிக்க வேண்டும். வட்டி நின்றுவிடும். முடிவு சொல்லக் கடன்கொடுத்தவர்களுக்கு 45 நாட்கள் உண்டு. கடன் தொகையின் அடிப்படையில் பெரும்பான்மையினர் ஏற்றுக்கொண்டால் மறுத்தவர்களையும் அது கட்டுப்படுத்தும். உதாரணத்துக்கு 78,000 டொலர் கடனுள்ள ஒருவர் மாதம் 450 டொலர் வீதம் அறுபது மாதங்கள் கட்ட முன்வந்தால் மொத்தம் 27,000 டொலர். வங்குரோத்தில் இதைவிடக் குறைவாகவே கிடைக்கும் என்று கண்டால் வங்கிகள் இதனை ஏற்கும். வங்கிகளுக்கு மானம் அவமானம் என்பதெல்லாம் இல்லை. கூட்டிக் கழித்துப் பார்க்கும், அவ்வளவுதான். 2024 ஆம் ஆண்டில் கனடா முழுவதிலும் ஒரு இலட்சத்து 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தனிநபர்கள் இந்தச் சட்டத்தை நாடினார்கள். அவர்களில் நான்கில் மூன்று பங்கினருக்கு மேல் முன்மொழிவையே தேர்ந்தார்கள். அத்தனை பேரும் மானம் கெட்டவர்கள்தானா?

முழு வங்குரோத்தும் உலகின் முடிவன்று. முதன்முறை விண்ணப்பிப்பவருக்கு, நிர்ணயிக்கப்பட்ட அளவுக்கு மேல் வருமானம் இல்லையெனில், எவரும் ஆட்சேபிக்காதவிடத்து ஒன்பது மாதங்களில் விடுதலை. மேலதிக வருமானம் இருந்தால் 21 மாதங்கள். இரண்டிலும், விண்ணப்பம் பதிவான அன்றே கடன் வசூலிப்போரின் தொலைபேசி அழைப்புகளும் ஊதியப் பிடித்தமும் நிறுத்தப்பட வேண்டும். குடியுரிமையோ வதிவிட உரிமையோ இதனால் பறிபோகாது. ஆனால் ஒன்றைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். வங்குரோத்திலிருந்து விடுவிக்கப்படும்வரை ஊரிலிருந்து துணையையோ பெற்றோரையோ அழைக்கப் பொறுப்பு நிற்க முடியாது. விடுதலைக்குப் பின் நிற்கலாம். முன்மொழிவில் இருப்பவருக்கு இத்தடை இல்லை. வங்குரோத்தானவர் விடுதலை பெறும்வரை நிறுவன இயக்குநராகவும் இருக்க இயலாது. வீட்டில் கணிசமான முதல் தேங்கியிருந்தால் வங்குரோத்தில் அது கைவிட்டுப் போகலாம். முன்மொழிவில், ஈட்டுக்கடனைத் தவறாமல் கட்டிவந்தால் வீடு தங்கும். பிள்ளைகளுக்கான வாழ்க்கைச் செலவுக் கட்டளை, நீதிமன்றத் தண்டம், மோசடியால் வந்த கடன் ஆகியவை எதிலும் கரையா. படிப்பை விட்டு ஏழாண்டுகள் கடக்காத அரசாங்க மாணவர் கடனும் அவ்வாறே.

இதையெல்லாம் கேட்டவுடன் வரும் மறுமொழி தெரிந்ததே: 'அப்படியென்றால் எல்லோரும் கடனட்டையைத் தேய்த்துவிட்டு வங்குரோத்து அடிக்கலாமே!' அடித்தவர்கள் உண்டு. மறைப்பதில் பொருளில்லை. கடனட்டைகளை எல்லைவரை இழுத்து, நகையாக மாற்றி, வீட்டை மைத்துனர் பெயருக்கு எழுதிவிட்டு விண்ணப்பித்தவர்களின் கதைகள் தேநீர் வேளைகளில் வியப்போடு பேசப்படுகின்றன. இங்கேதான் தமிழ்ச் சமூகத்தின் மனச்சாட்சி தலைகீழாகத் தொங்குகிறது. வங்கியை ஏமாற்றியவர் 'சுழியன்' என்று பாராட்டப்படுகிறார். ஏமாற்றாமல் நொடித்தவர் திருமண அழைப்பிதழ்ப் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறார். சட்டமோ இதற்கு நேர்மாறாகச் சிந்திக்கிறது. உறவினருக்குக் குறைந்த விலையில் கைமாற்றிய சொத்தை ஐந்தாண்டுகள்வரை பின்னோக்கிச் சென்று தோண்டியெடுக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. சொத்தை ஒளித்தல் மூன்றாண்டுவரை சிறைக்குரிய குற்றம். சூதாட்டத்தாலும் அளவுகடந்த ஆடம்பரத்தாலும் நொடித்தவருக்கு விடுதலையைத் தள்ளிவைக்க நீதிமன்றத்தால் முடியும். சமூகம் தூற்ற வேண்டியவரையும் தாங்க வேண்டியவரையும் மாற்றி வைத்திருக்கிறது. சட்டம் சரியாகவே பிரித்திருக்கிறது.

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு. வங்கி இழப்பைத் தாங்கும். தன் சேமிப்பையெல்லாம் சீட்டில் போட்ட மூதாட்டி எவ்வாறு தாங்குவார்? ஒருவரின் புதிய தொடக்கம் அந்த அம்மாவுக்கு முடிவாகிவிடக் கூடாதே? இந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ளுபவர் தமிழர் வாழ்வை அறியாதவர். சட்டத்தின் முன் அந்த அம்மாவும் ஒரு கடன்கொடுத்தவரே. பெரிய வங்கிகளோடு ஒரே வரிசையில் அவருடைய பெயரும் எழுதப்பட வேண்டும். 'வங்கிக்குப் பட்டை நாமம், மாமிக்கு முதலில் முழுக்காசு' என்று நெருங்கிய உறவினருக்கு விண்ணப்பத்துக்கு முந்திய பன்னிரண்டு மாதங்களுக்குள் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்கவும் சட்டத்தில் இடமுண்டு. நல்லெண்ணத்தோடு செய்தாலும் மாமிக்கு அது வில்லங்கமாகவே முடியும்.

ஆனால் விடுதலை பெற்ற பின்னர் விரும்பி ஒரு கடனைத் தீர்ப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைனின் பதிப்பகம் 1894 இல் நொடித்தது. அவர் 1895 இல் உலகைச் சுற்றிச் சொற்பொழிவாற்றப் புறப்பட்டார். 1896 இல் கொழும்பிலும் பம்பாயிலும் தங்கினார். 1898 அளவில் கடன்கொடுத்தவர்களுக்கு முழுவதையும் தீர்த்தார். மானத்துக்கு எடுத்துக்காட்டாக மேடைகளில் சொல்லப்படும் கதை இது. மேடைகளில் சொல்லப்படாத பகுதியும் உண்டு. ஓர் எண்ணெய்க் கம்பெனி முதலாளி அவருடைய கணக்குகளைப் பொறுப்பேற்று, கடன்கொடுத்தவர்களை அமைதிப்படுத்தி, நூல்களின் உரிமையை மனைவியின் பெயரில் பத்திரப்படுத்தி, அவருக்கு மூச்சுவிட நேரம் வாங்கிக் கொடுத்தார். இன்றைய சட்டம் அந்த உரிமை மாற்றத்தை என்ன சொல்லியிருக்கும் என்பது வேறு கதை. மூச்சு கிடைத்ததனால்தான் மானமும் மீண்டது. கழுத்தை நெரித்துக்கொண்டு 'கட்டு, கட்டு' என்றால் மார்க் ட்வைனாலும் கட்டியிருக்க முடியாது. சீட்டுக் காசை இழந்த அம்மாவுக்கும், நொடித்தவர் ஊரைவிட்டு ஓடுவதைவிட, எழுந்து நின்று மூன்றாண்டு கழித்தேனும் கொண்டுவந்து கொடுப்பதே நல்லது.

வங்குரோத்து என்ன கற்பிக்கும் என்று கேட்பவர்கள் அதன் நடைமுறையை ஒருமுறை பார்க்க வேண்டும். வங்குரோத்தானவர் மாதந்தோறும் வரவு செலவை ஒரு படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். வாடகை, பெற்றோல், தொலைபேசி, ஊருக்கு அனுப்பியது, கோயிலுக்குக் கொடுத்தது எல்லாம் வரிவரியாக. இரண்டு ஆலோசனை அமர்வுகளில் கட்டாயம் கலந்துகொள்ள வேண்டும். இருபது ஆண்டுகளாக ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த கணவனும் மனைவியும் தங்கள் வீட்டின் உண்மையான வருமானத்தையும் செலவையும் ஒரே தாளில் முதன்முறையாகக் காண்பது அப்போதுதான் என்ற நிலை பல வீடுகளில் உண்டு. மனைவிக்குத் தெரியாத கடன், கணவனுக்குத் தெரியாத சீட்டு, இருவரும் பிள்ளைகளுக்கு மறைத்த வழக்கறிஞர் கடிதம் எல்லாம் மேசைக்கு வருகின்றன. கணிதத்தில் நூறு புள்ளி எடுக்கும் பிள்ளைகளைப் பெற்ற சமூகம், கூட்டு வட்டிக் கணக்கை வீட்டில் பேசுவதில்லை. அந்தப் படிவத்தை நிரப்பும் வேலையைப் பதினாறு வயதுப் பிள்ளையின் முன்னிலையில் செய்தால், அது கற்கும் பாடம் எந்தத் தனியார் வகுப்பிலும் கிடைக்காது.

எல்லா நாடுகளும் கனடா போன்றவை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் வங்குரோத்திலிருந்து பொதுவாக ஓராண்டில் விடுதலை. ஜேர்மனியில் ஆறு ஆண்டுகளாக இருந்த காலம், 2020 ஒக்டோபருக்குப் பின் விண்ணப்பிப்பவர்களுக்கு மூன்றாகக் குறைக்கப்பட்டது. சுவிற்சர்லாந்தில் நொடித்தவரை நெடுங்காலமாகத் துரத்துவது இழப்புச் சான்றிதழ் என்னும் தாள். கடன் அழிவதில்லை, இருபது ஆண்டுகள் உயிரோடிருக்கும். ஆகவே ரொறன்ரோவில் இருக்கும் அண்ணர் தொலைபேசியில் சொல்லும் ஆலோசனையைக் கேட்டுச் சூரிச்சில் இருக்கும் தம்பி முடிவெடுக்கக் கூடாது.

தமிழ்ப் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் செய்யும் 'கடன் ஆலோசகர்'களைப் பற்றியும் இரண்டு வார்த்தை. கனடாவில் வங்குரோத்தையோ முன்மொழிவையோ பதிவுசெய்யும் தகுதி, அரசு உரிமம் பெற்ற நொடிப்பு அறங்காவலர்களுக்கு மட்டுமே உண்டு. உரிமமில்லாத இடைத்தரகர் செய்வது, ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு அதே அறங்காவலரிடம் அழைத்துச் செல்வது மட்டுமே. அறங்காவலரை நேரே நாடினால் முதற் சந்திப்புக்குப் பெரும்பாலும் கட்டணமே இல்லை. உரிமம் உண்டா என்பதை வங்குரோத்துக் கண்காணிப்பாளர் அலுவலகத்தின் இணையத்தளத்தில் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். பெற்றோருக்கு ஆங்கிலம் தடையென்றால், பிணைக்கையொப்பம் இட அழைக்கப்பட்ட அந்தப் பிள்ளையை இதற்கு அழைக்கலாமே!

கடன்தகைமைப் பதிவில் முதல் வங்குரோத்து விடுதலைக்குப் பின் ஆறேழு ஆண்டுகள் நிற்கும் என்பதும், முன்மொழிவு கட்டி முடித்த மூன்றாண்டில் நீங்கிவிடும் என்பதும் பயமுறுத்தும் செய்திகளாகச் சொல்லப்படுகின்றன. மாதம் 500 டொலர் வட்டி கட்டிக்கொண்டு பத்தாண்டுகள் ஒரே இடத்தில் நிற்பவரோடு ஒப்பிட்டால் ஆறாண்டு ஒரு குறுகிய காலம். நாற்பத்தைந்து வயதில் விண்ணப்பித்தவர் ஐம்பத்திரண்டில் மீண்டும் வங்கிக்குள் தலைநிமிர்ந்து போகலாம். அறுபது வயதுவரை பிரட்டியவருக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

ரொறன்ரோப் பெரும்பாகத்தில் தமிழ் அமைப்புகளுக்குக் குறைவில்லை. ஆண்டுதோறும் இராப்போசன விருந்துகளில் வெற்றிபெற்ற வணிகர்களுக்கு விருது வழங்கப்படுகிறது, நல்லதே. அதே அமைப்புகள் ஆண்டுக்கு ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, உரிமம் பெற்ற ஓர் அறங்காவலரையும் ஒரு மொழிபெயர்ப்பாளரையும் அமர்த்தி, பெயர் கேட்காமல், பதிவுப் புத்தகம் வைக்காமல், புகைப்படம் எடுக்காமல், மக்களின் கேள்விகளுக்கு விடை சொல்ல ஏற்பாடு செய்யட்டும். மண்டபம் வேண்டியதில்லை. ஸ்காபுறோ நூலகமொன்றின் கூட்ட அறையில் முப்பது கதிரைகள் போதும். முதல் ஆண்டு ஐந்து பேர்தான் வருவார்கள், அவர்களும் நண்பர் ஒருவருக்காகக் கேட்க வந்ததாகவே சொல்வார்கள்.